காற்று போகும் வழி

நாச்சிமுத்து தன்னைவிடப் பல வயது இளையவளிடம் சீடராக இருந்தார்.

உடுமலைப்பேட்டையில், பொள்ளாச்சி ரோட்டில், சலேத்மேரியின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் ஒர்க்‌ஷாப் இருந்தது. நாச்சிமுத்து முப்பது வருடம் லாரி இன்ஜின்களோடு கிடந்தவர். இப்போது வருகிற வண்டிகளில் இன்ஜினைவிட வயர்தான் அதிகம் என்று கண்டதும் அவளிடம் வந்து நின்றார்.

"எனக்கு வயரிங் சொல்லிக் குடுங்க அம்மணி."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாளைக்கு வேட்டி கட்டிட்டு வராதீங்கண்ணா. பேட்டரி ஆசிட் பட்டா ஓட்டை ஓட்டையாப் போயிரும்."

அதுதான் முதல் பாடம். மறுநாள் மருமகனின் பழைய பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். இடுப்பில் நிற்காததால் அதை ஒரு துண்டு வயரால் கட்டியிருந்தார். "வயரிங் ஆரம்பிச்சுட்டீங்களாட்ட இருக்குது" என்றாள் சலேத்.

அவர் கற்றுக்கொண்டார். வேகமாகவே கற்றுக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை காலை தன் இளைய மகளின் காரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

தாரணி நர்ஸ். வால்பாறைக்கு மேலே எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்காகவே பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியிருந்தாள். கார் நன்றாகத்தான் ஓடியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் எச்சரிக்கை லைட் மட்டும் அணையாமல் எரிந்தது.

"லைட்டு எரியற வண்டியில மலை ஏற விடமாட்டேனுங்க" என்றார் நாச்சிமுத்து. "நாப்பது கொண்டை ஊசி வளைவு. விளையாட்டா?"

"லைட்டு அணைஞ்சா?"

"அணைஞ்சா நானு பைக்குல பின்னாலயே போவேன்."

"உச்சி வரைக்குமா?"

"உச்சி வரைக்கும். அதுக்கு அவ, நீங்க பின்னால வர்றதா இருந்தா நான் பஸ்ஸுலயே போயிக்கறேங்கறா. பஸ்ஸு போற எடத்துலயா லயன் வீடு இருக்குது?"

"முன்னால போற வண்டி நின்னுட்டா பின்னால போறவரு என்ன பண்ணுவீங்க?"

"கூட நிப்பேன்."

சலேத் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

தாரணிக்கு இதற்கு முன்னால் ஓசூரில் ஒரு வேலை வந்திருந்தது. வேண்டாம் என்று அவர் சொன்னார். அவள் போகவில்லை. அதைப் பற்றி அவரும் பிறகு பேசவில்லை, அவளும் பேசவில்லை.

சலேத் கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தாள். பிறகு இருவரும் காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, அடியில் படுத்துப் பார்த்தார்கள். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் கறுப்பு டப்பா ஒன்று இருந்தது. அதன் முனையில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வால்வு. வால்வுக்குப் போகிற இரண்டு வயர்களையும் எலி கடித்து வைத்திருந்தது. கடித்த வயர் முன்பக்கம் வரைக்கும் பொத்தல் பொத்தலாக இருந்தது.

"டேங்குல வர்ற பெட்ரோல் ஆவிய இந்தக் கரி டப்பா புடிச்சு வெச்சுக்கும்" என்றாள் சலேத். "டேங்குக்குக் காத்து வர்ற வழி இந்த வால்வு."

"வயரைப் புதுசா இழுத்துட்டாப் போச்சு."

"இழுங்க."

"நானே பண்றேனுங்க. எம்புள்ள வண்டி. நீங்க கை வெக்க வேண்டாம்."

"வெக்கமாட்டேன்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பக்கத்து ஆட்டோவின் ஹாரனைப் பிரிக்க ஆரம்பித்தாள். அவர் பாயை விரித்து அடியில் போனார்.

ஒரு வயர் சாவி போட்டதும் கரண்டு வருகிற வயர். அதைச் சுத்தமாக முன்னாலிருந்து இழுத்து வந்தார். இன்னொரு வயர் முன்னால் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போனது. அதை இழுக்க டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும். அவர் யோசித்தார். லாரியில் ஒரு பல்பு எரியவில்லை என்றால் என்ன செய்வோம்? பக்கத்தில் இருக்கிற போல்ட்டில் எர்த் கொடுப்போம். முப்பது வருடம் அப்படிக் கொடுத்து எரியாத பல்பு கிடையாது.

டேங்குக்கு மேலே நல்ல போல்ட் ஒன்று இருந்தது. துருவைச் சுரண்டி, வயரை அதில் முடுக்கினார். டேப் சுற்றினார். அதன் மேல் இன்னொரு சுற்று. மலையில் மழை பெய்யும் என்று அதன் மேலும் ஒரு சுற்று.

வெளியே வந்து சாவியைத் திருப்பினார்.

பின்னாலிருந்து "டக்" என்று ஒரு சத்தம் வந்தது.

"அம்மணி! உசுரு வந்துருச்சு!"

சலேத் எழுந்து வந்தாள். குனிந்து பார்த்தாள். போல்ட்டில் முடுக்கியிருந்த வயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டேப்பு அழகாச் சுத்தியிருக்கறீங்கண்ணா."

"லைட்டு மட்டும் எரியுதுங்க. அதை உங்க மெசினு வெச்சு அழிச்சுட்டா ஆச்சு."

"அப்பறம் அழிச்சுக்கலாம். மொதல்ல ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துரலாம். நானும் வர்றேன்."

"நீங்க எதுக்குங்க?"

"ஹாரனு பிரிச்சுப் பிரிச்சுக் காதடைக்குது. காத்தாட வர்றேன்."

அமராவதி அணை ரோட்டில் போனார்கள். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. தூரத்தில் மலை நீலமாக நின்றது. சலேத் கண்ணாடியை இறக்கிவிட்டு, வழியில் வாங்கிய வேகவைத்த நிலக்கடலையை உரித்துக்கொண்டு வந்தாள். நாச்சிமுத்து ஒரு கையால் ஓட்டினார். பெருமையாக ஓட்டும்போது அவர் ஒரு கையால்தான் ஓட்டுவார்.

கொஞ்ச தூரம் போனதும் இரண்டாவது கையும் ஸ்டியரிங்குக்கு வந்தது.

வண்டி திணறியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறவில்லை. பின் சீட்டுக்குக் கீழே பெட்ரோல் பம்பு ஒரு கொசுவைப் போலக் கத்தியது. இரண்டு முறை இருமிவிட்டு, ஒரு வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றது.

சலேத் கடலைப் பையோடு இறங்கிப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தாள்.

நாச்சிமுத்து பானெட்டைத் திறந்தார். சாவியைப் போட்டபடியே விட்டு, டெஸ்ட் லைட்டை எடுத்து ஒவ்வொரு ஃபியூஸாகத் தொட்டார். எல்லாம் எரிந்தன. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நன்றாக இருந்தது. பம்பைக் கேட்டார். கத்திக்கொண்டிருந்தது. பெட்ரோல் மட்டும் வரவில்லை.

"அம்மணி."

"சொல்லுங்கண்ணா."

"என்னுங்க இது?"

"உங்க வண்டி. கை வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கறீங்க."

"வாயி வெக்கலாமுங்களே."

"வாயில கடலை இருக்குது."

அப்போது அவருடைய போன் அடித்தது. தாரணி.

"அப்பா, வண்டி முடிஞ்சுதா?"

நாச்சிமுத்து நின்றுபோன காரைப் பார்த்தார். மலையைப் பார்த்தார்.

"இல்ல கண்ணு. இது மலைக்கு ஆகாத வண்டி. நட்ட நடு ரோட்டுல நிக்குது. இதே வளைவுல நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்? திங்கக்கெழம வரலைன்னு அவுங்களுக்குச் சொல்லிரு. வேற வேலை வராமலா போயிரும்?"

அந்தப் பக்கம் பதில் இல்லை.

"கண்ணு? கேக்குதா?"

"கேக்குதுப்பா."

போன் வைக்கப்பட்டது. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டார். சலேத் கடலைத் தோலை வாய்க்காலில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். நின்று, இடுப்பில் கை வைத்து, திறந்த பானெட்டையும் நாச்சிமுத்துவையும் பார்த்தார்.

"பெட்ரோலு இருக்குதுங்களா?"

"இருக்குது."

"இருக்குதுன்னு நெனைப்போம். இருக்காது. எம் மச்சான் ஒருக்கா—"

"ஏனுங்க, நானு மெக்கானிக்குங்க."

"அவனும் மெக்கானிக்குத்தானுங்க."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. வண்டியின் பின்பக்கம் போய், "வாங்க, வந்து மோந்து பாருங்க" என்று டேங்க் மூடியைத் திருகினார். மூடி திரும்பவில்லை. யாரோ உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார்.

மூடி கழன்றது. 'உஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. நெடுநேரம் தண்ணீருக்குள் முங்கியிருந்தவன் தலையைத் தூக்கி மூச்சு இழுப்பது போல இழுத்தது. பிறகு வண்டிக்கு அடியில் 'டொம்' என்று ஒரு தகரச் சத்தம்.

ஆடுகள் விலகி ஓடின.

"பாத்தீங்களா, காலி" என்றார் ஆட்டுக்காரர். ஆடுகளுக்குப் பின்னால் போனார்.

நாச்சிமுத்து மூடியைப் போட்டுவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தார். ஒரே சுற்றில் வண்டி கிளம்பியது. சலேத் ஏறிக்கொண்டாள். அணைக்கட்டின் கரை தெரிகிற இடத்தில் வண்டி மறுபடி இருமி நின்றது.

இந்த முறை அவர் பானெட்டைத் திறக்கவில்லை. சாவியை எடுக்காமல் இறங்கிப் பின்னால் போனார். மூடியைத் திறக்கவில்லை. ரோட்டோரத்தில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் கையை விட்டார். டேங்கின் அடித்தகரம் உள்பக்கமாக அமுங்கிப்போயிருந்தது. ஒரு சோற்றுத் தட்டு அளவுக்குப் பள்ளம். அவர் அந்தப் பள்ளத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே கிடந்தார்.

வெகு நேரம் கழித்து எழுந்து வந்து சலேத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உள்ள காத்து போகலீங்க."

"ஏன் போகலை?"

"வழி அடைச்சிருக்குது. வால்வு மூடிட்டிருக்குது."

"ஏன் மூடியிருக்குது?"

அவர் தலையைச் சொறிந்தார். "நாந்தான கரண்டு குடுத்தேன். கரண்டு குடுத்தா வேலை செய்யும்னு நெனச்சேன்."

"வேலைதான் செஞ்சுது. கரண்டு குடுத்தா மூடறதுதான் அதோட வேலை."

"அப்ப அதை மூடறதுக்குத்தான வெச்சிருக்கறாங்க?"

"எப்பவாச்சும். டேங்குல எங்கியாவது ஓட்டை இருக்குதான்னு கம்ப்யூட்டரு சோதிச்சுப் பாக்கும். அப்ப மட்டும் கொஞ்ச நேரம் எர்த் குடுக்கும், கரண்டு ஓடி மூடிக்கும். பாத்துட்டு விட்டுரும். மத்த நேரமெல்லாம் தெறந்து கெடக்கணும்."

"நானு போல்ட்டுல குடுத்துட்டேன்."

"நெரந்தரமா."

"டேங்கு நசுங்குதுங்க அம்மணி."

"ஆமா."

அவர் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு திடீரென்று சொன்னார்:

"எலி கடிச்சு வெச்சிருந்தப்ப நல்லாத்தான ஓடிட்டிருந்துச்சு!"

"எலி கம்மியாத்தான் வேலை பாத்துச்சு."

நாச்சிமுத்து சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"போல்ட்டுல முடுக்கினதை நீங்க பாத்தீங்க. குனிஞ்சு பாத்தீங்க. அங்கியே சொல்லியிருக்கலாமுங்களே?"

"சொல்லியிருந்தா டேங்கு மூடிய நாந்தான் தெறந்திருப்பேன், நீங்க இல்ல."

அவள் பையிலிருந்து கட்டிங் பிளையரை எடுத்து நீட்டினாள். அவர் அடியில் போய், மூன்று சுற்று டேப்பையும் பிரித்து, போல்ட்டுக்குப் போன வயரை வெட்டினார். "டக்" என்றது. திரும்பி வருகிற வழியில் வண்டி எங்கும் நிற்கவில்லை.

மத்தியானம் அவர் டேஷ்போர்டைக் கழற்றினார். இரண்டாவது வயரைக் கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து, கதவுப்படிக்கு அடியில், பின் சீட்டுக்கு அடியில், வால்வு வரைக்கும் இழுத்தார். எலி கடிக்காமல் இருக்க அதற்கு ஒரு குழாய் போட்டார். டேப் ஒரு சுற்றுதான். சாயங்காலம் ஆகிவிட்டது.

சாவியைத் திருப்பினார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மறுபடி திருப்பினார்.

"ஒண்ணுமே கேக்கலீங்க அம்மணி."

"கேக்காது. வால்வு தெறந்து கெடக்குது."

"மனசுக்கு என்னமோ மாதிரி இருக்குதுங்க. ஒரு சத்தம் வந்தா ஒரு தெம்பு."

"யாருக்கு?"

சலேத் ஸ்கேனரை மாட்டி ஒரு பொத்தானை அமுக்கினாள். பின்னால் ஒரே ஒரு "டக்". விட்டதும் இன்னொன்று. அவ்வளவுதான். அவள் இன்னொரு பொத்தானை அமுக்கினாள். மஞ்சள் லைட் அணைந்தது.

நாச்சிமுத்து அந்த இருண்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போய், ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் நின்று போன் செய்தார்.

"கண்ணு. வரலைன்னு சொல்லிட்டியா?"

"இன்னும் சொல்லலப்பா."

"சொல்லாத."

அந்தப் பக்கம் மறுபடி பதில் இல்லை. இந்த முறை அவர் "கேக்குதா" என்று கேட்கவில்லை. காத்திருந்தார்.

"பைக்குல வருவீங்களா?" என்றாள் தாரணி.

"அதை அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

திங்கட்கிழமை காலை ஒர்க்‌ஷாப் வாசலில் அவருடைய பைக் நின்றது. பெட்ரோல் நிரப்பியிருந்தது. கண்ணாடியில் ஹெல்மெட் தொங்கியது. சலேத் அதைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

தாரணி கார் ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினாள். பின் சீட்டில் ஒரு பெட்டி, ஒரு குக்கர், சுருட்டிய பாய். இறங்கி வந்தவள் பைக்கைப் பார்த்தாள். ஹெல்மெட்டைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல இறுகியது.

"வர்றீங்களாப்பா?"

நாச்சிமுத்து ஹெல்மெட்டை எடுத்தார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டு வந்தார்.

"இல்ல கண்ணு. ஒரு வேனு வந்து கெடக்குது. அம்மணி ஒருத்தரே பாக்க முடியாது."

உள்ளேயிருந்து சலேத், "ஆமாமா, செத்துருவேன்" என்றாள்.

தாரணி சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து நாளாகியிருந்தது.

"வழியில நின்னுச்சுன்னா பதறாத. டேங்கு மூடியத் தெறந்து—"

"நேத்துப் பூரா இதையேதான சொன்னீங்க."

"நிக்காது. சொல்லி வெக்கறேன்."

"போய்ச் சேந்ததும் கூப்பிடறேம்ப்பா."

"முடிஞ்சாக் கூப்பிடு."

கார் கிளம்பியது. பொள்ளாச்சிப் பக்கம் திரும்பி, ஒரு டவுன் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. "பாத்துப் போ" என்று அவர் வாய்க்குள் சொன்னார்.

பிறகு வேலையைப் பார்த்தார். வேனின் பின்கதவைப் பிரித்தார். போனைப் பெஞ்சில், கைக்கெட்டுகிற இடத்தில் வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அதை எடுத்து சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. டவர் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. திரும்பவும் பெஞ்சில் வைத்தார். டெஸ்ட் லைட்டை எடுத்தார். கீழே வைத்தார்.

வெயில் ஷெட்டுக்குள் ஏறியது. இந்நேரம் ஆழியாறு தாண்டியிருப்பாள். முதல் வளைவு. இரண்டாவது. அவள் தாண்டிவிட்டாளா என்று கேட்க அந்த வளைவுகளில் அவருக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"அம்மணி."

சலேத் வேனுக்கு அடியில் படுத்திருந்தாள். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"ம்."

"சத்தத்தையே காணமுங்க."

ஒரு ஸ்பேனர் திரும்பும் ஒலி. பிறகு அவள் குரல்.

"நல்லா ஓடுதுங்கண்ணா."